குயின் லத்தீஃபாவின் அலுவலகத்துக்கும் ஒரு விருது கொடுங்கள்: கிராமி அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரெக்கார்டிங் அகாடமியின் அறங்காவலர் குழுவினருக்கு,

வணக்கம். நீங்கள் இசைக்கான கிராமி விருது கொடுக்கிறவர்கள். நான் சென்னையில் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்க்கிற ஆள். உங்களுக்கு ஞாயிறு ராத்திரி விழா என்றால் எங்களுக்கு அது திங்கள் காலை, ஆபீஸ் கிளம்பும் அவசரத்துக்கு நடுவே போனில் பார்க்கிற விழா. தமிழில் எழுதுவதற்குக் காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, எனக்குச் சண்டை போட வருவது இந்த மொழியில்தான். உங்களுக்கு முன்னால் இதைப் படிக்கப்போகிறவர்கள் இங்கே ராப் கேட்டு வளர்கிற பிள்ளைகள். அவர்கள் சாட்சியாக இருக்கட்டும்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ராப் பாடகியும் நடிகையுமான குயின் லத்தீஃபாவுக்கு உங்கள் டிரஸ்டீஸ் விருதைக் கொடுங்கள்.

வாழ்நாள் சாதனையாளர் விருதை நான் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அது பாடுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் உரியது. டிரஸ்டீஸ் விருது மேடைக்கு வெளியே நின்று இசைக்கு வழி அமைத்தவர்களுக்கு உரியது. மோட்டவுன் இசை நிறுவனத்தைக் கட்டிய பெர்ரி கோர்டிக்குக் கொடுத்தீர்கள், ரெக்கார்டு கம்பெனிகளை நடத்திய கிளைவ் டேவிஸுக்குக் கொடுத்தீர்கள், ஹிப்-ஹாப்புக்கு விதை போட்ட டிஜே கூல் ஹெர்க்குக்கு 2024-இல் கொடுத்தீர்கள். எல்லாம் சரியான ஆட்கள்தான். அந்த வரிசையில் லத்தீஃபா நிற்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

அவருக்கு மரியாதைகள் குறைவா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. 2006-இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயருக்கு ஒரு நட்சத்திரம் பதித்தார்கள், அங்கே நட்சத்திரம் பெற்ற முதல் ஹிப்-ஹாப் கலைஞர் அவர். 2019-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் பதக்கம். 2021-இல் கறுப்பினத்தவருக்கான டிவி சேனலான பி.இ.டி.யின் வாழ்நாள் சாதனையாளர் விருது. 2023-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவருடைய முதல் ஆல்பமான ‘ஆல் ஹெய்ல் தி குயின்’-ஐ தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் கென்னடி சென்டர் மரியாதை, பெண் ராப்பர் ஒருவருக்கு முதல் முறையாக. இத்தனையும் மைக்குக்கும் கேமராவுக்கும் முன்னால் நின்ற லத்தீஃபாவுக்குக் கிடைத்தவை. நியூஜெர்சியில் ஒரு அலுவலகத்தைத் திறந்து, மேசை போட்டு, ஒப்பந்தத் தாள்களை வரிவரியாகப் படித்த லத்தீஃபா இன்னொருத்தர். அவரை எந்த மேடையும் கூப்பிடவில்லை. அவருக்குப் பொருத்தமான விருதைக் கையில் வைத்திருப்பவர்கள் நீங்கள்தான்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். லத்தீஃபாவின் இயற்பெயர் டேனா எலெய்ன் ஓவன்ஸ். 1970 மார்ச் 18 அன்று நியூஜெர்சி மாநிலம் நியூவார்க்கில் பிறந்தவர். அம்மா ரீட்டா பள்ளி ஆசிரியை, அப்பா போலீஸ்காரர். பள்ளியில் கூடைப்பந்து ஆடிய, நல்ல உயரமான பெண். ராப் அப்போது ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கின் சொத்தாகப் பேசப்பட்டது. ஆனால் முதன்முதலில் ராப்பை ஊர் உலகம் கேட்கிற ஹிட் தட்டாக்கியது நியூஜெர்சியின் எங்கல்வுட்டில் இருந்த ஒரு கம்பெனிதான். 1979-இல் சில்வியா ராபின்சன் என்ற பெண்மணி செய்த காரியம் அது. மைக் பிடிக்கிற பெண், கம்பெனி நடத்துகிற பெண், இரண்டு மரபும் அந்த மாநிலத்தில் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

டிஜே மார்க் தி 45 கிங்கைச் சுற்றி நியூஜெர்சியில் ஒரு இளைஞர் கூட்டம் சேர்ந்தது. அதன் பெயர் ஃப்ளேவர் யூனிட். டேனா அதில் ஒருத்தி. அங்கே பதிவு செய்த ஒரு டெமோ கைமாறிக் கைமாறி டாமி பாய் ரெக்கார்டு நிறுவனத்துக்குப் போனது. 1988-இல் முதல் சிங்கிள், 1989-இல் முதல் ஆல்பம். அப்போது வயது 19.

அந்த ஆல்பத்தில் இன்னொரு பெண் ராப்பரான மோனி லவ்வுடன் சேர்ந்து அவர் பாடிய ‘லேடீஸ் ஃபர்ஸ்ட்’ பாட்டின் வீடியோவை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ராணுவத் தளபதி மாதிரி உடுத்திக்கொண்டு, தென்னாப்பிரிக்க நிலப்பரப்பின் பெரிய வரைபடத்தின் முன்னால் நிற்கிறார். அதன்மேல் சதுரங்கக் காய்கள் போல ஆள் உருவங்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டி அகற்றிவிட்டு அந்த இடத்தில் கறுப்பு முஷ்டியை வைக்கிறார். இடையிடையே கறுப்பினப் பெண் போராளிகளான ஹாரியட் டப்மன், சோஜர்னர் ட்ரூத், ஏஞ்சலா டேவிஸ், வின்னி மண்டேலா முகங்கள். நெல்சன் மண்டேலா அப்போது இன்னும் சிறையில் இருக்கிறார். பெண்கள் முன்னே வரட்டும் என்று ஒரு துள்ளல் பாட்டு, அதற்குள் நிறவெறி அரசின் வரைபடத்தைத் திருத்துகிற ஒரு கை. முதல் ஆல்பத்திலேயே இதைச் செய்துவிட்டு அவர் சிரித்துக்கொண்டே அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

அப்புறம் வந்தது 1993-இன் ‘பிளாக் ரெய்ன்’. அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய அண்ணன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்திருந்தார். தம்பி தங்கைகள் அண்ணனுக்கு ஆசையாக வாங்கித் தருகிற மாதிரி இவர் வாங்கித் தந்த வண்டி அது. அதன் சாவியைக் கழுத்தில் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொண்டார், அந்த ஆல்பத்தை அவருக்கே சமர்ப்பித்தார். அந்தத் துக்கத்துக்கு நடுவே எழுதியதில்தான் ‘யூ.என்.ஐ.டி.ஒய்.’ இருக்கிறது. சாக்ஸபோன் மெதுவாக இழைய ஆரம்பிக்கிற பாட்டு. முதல் பகுதியில் பெண் தெருவில் நடந்து போகிறாள், ஒருத்தன் பின்னாலிருந்து கை வைக்கிறான், யார் என்று திரும்பிக் கேட்டால் வாய்க்கொழுப்பாகப் பதில். கண்ணைப் பார்த்து ஒரு குத்து விழுகிறது. இரண்டாவது பகுதியில் வீட்டுக்குள் அடிக்கிற ஆண், அவனை விட்டு வெளியேறுகிற பெண். மூன்றாவது பகுதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ரவுடிக் கூட்டத்தைப் பார்த்து அதே மாதிரி நடை நடக்கிற சின்னப் பெண்களிடம், அடியே இது உனக்கு வேண்டாம் என்று பேசுகிறார். அக்கா பேசுகிற தொனி. கெட்ட வார்த்தையால் பெண்களைக் கூப்பிடுவது ராப்பில் சாதாரணமாகிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த வார்த்தையையே எடுத்து, யாரைச் சொன்னாய் என்று நேருக்கு நேராகக் கேட்டார்.

நீங்கள் 1995-இல் அந்தப் பாட்டுக்குத் தனிநபர் ராப் விருது கொடுத்தீர்கள். போட்டியில் ஸ்னூப் டாக், கூலியோ, கிரெய்க் மேக் எல்லாம் இருந்தார்கள். அன்று நீங்கள் செய்தது நியாயமான முடிவு. உங்களைக் குறை சொல்லவே மடல் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

இனி அலுவலகம். ஃப்ளேவர் யூனிட் என்ற கூட்டாளிகள் பெயரை லத்தீஃபாவும் அவருடைய தோழர் ஷகிம் கம்பேரும் சேர்ந்து ஒரு தொழிலாக மாற்றினார்கள். பாடகர்களுக்கு மேலாண்மை, ரெக்கார்டு வெளியீடு, பிற்பாடு சினிமா, டிவி தயாரிப்பு. ஜெர்சி சிட்டியில் இருந்து வேலை. ஹிப்-ஹாப்பில் அன்றைக்கு வழக்கம் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமலேயே போட்டார்கள். பாட்டு ஊரெல்லாம் ஓடும், பாடியவன் வீட்டில் வாடகை பாக்கி இருக்கும். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பெண் அந்த மேசையின் மறுபக்கத்தில் போய் உட்கார்ந்தார். பாடகி என்றால் பாடிவிட்டுப் போகட்டும், கணக்கை ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற ஏற்பாட்டை அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

விளைந்தது என்ன என்பதற்கு உங்கள் பதிவேட்டிலேயே சான்று இருக்கிறது. பக்கத்து ஈஸ்ட் ஆரஞ்சில் இருந்து மூன்று பையன்கள், நாட்டி பை நேச்சர். லத்தீஃபா கைதூக்கிவிட்ட குழு, ஃப்ளேவர் யூனிட்டின் பிள்ளைகள். 1991-இல் அவர்களுடைய ‘ஓ.பி.பி.’ பாட்டு அமெரிக்கத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-இல் ஆறாம் இடம் வரை போனது. 1996-இல் நீங்கள் சிறந்த ராப் ஆல்பம் என்று ஒரு புதுப் பிரிவைத் தொடங்கினீர்களே, அந்த முதல் விருதை வாங்கியது யார்? நாட்டி பை நேச்சரின் ‘பாவர்ட்டீஸ் பாரடைஸ்’. அதாவது உங்கள் ராப் ஆல்பம் விருதின் முதல் வரியே லத்தீஃபாவின் வாசலில் இருந்து கிளம்பியது. இந்த ஒரு தகவலை வைத்தே டிரஸ்டீஸ் விருதுக்கு வாதாடிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம்.

ஆனால் அவர் நடிக்கப் போய்விட்டாரே, இசைத்துறைக்கு என்ன செய்தார் என்று யாராவது கேட்பீர்கள். அதனால் அந்தப் பக்கத்தையும் பார்ப்போம். 1991-இல் ஸ்பைக் லீயின் ‘ஜங்கிள் ஃபீவர்’ படத்தில் ஓட்டல் பணிப்பெண்ணாகச் சின்ன வேடம். 1993 முதல் 1998 வரை ஃபாக்ஸ் சேனலில் ‘லிவிங் சிங்கிள்’. புரூக்ளினில் வாழும் ஆறு கறுப்பின நண்பர்களின் கதை, ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடருக்கு ஒரு வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது. அதில் லத்தீஃபாவின் பாத்திரம் கதீஜா ஜேம்ஸ் என்ன வேலை பார்க்கிறாள் தெரியுமா? சொந்தமாக ஒரு பத்திரிகை நடத்துகிறாள், அதன் பெயர் ‘ஃப்ளேவர்’. சம்பளம் கொடுக்கக் கையைப் பிசைகிற, அச்சுக்குப் போகும் நாளில் எல்லோரையும் விரட்டுகிற முதலாளிப் பெண். நகைச்சுவைத் தொடரில்கூட அவர் ஒருவரிடம் வேலைக்குப் போகவில்லை.

‘செட் இட் ஆஃப்’ படத்தின் கிளியோ, அடியோடு வேறு ஆள். வங்கிக் கொள்ளை அடிக்கும் நான்கு தோழிகளில் முரட்டுப் பெண், போலீஸ் சூழ்ந்த பிறகு காரை நேராக அவர்கள்மேல் விடுகிறவள். 1996-இல் அந்தத் துணிச்சலான வேடத்தை எடுக்க அன்றைய நடிகைகள் பலர் தயங்கியிருப்பார்கள். 2002-இல் ‘சிகாகோ’. சிறைக் காவலர் மாமா மார்ட்டன், கைதிகளுக்குச் சலுகை கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவள். ஒரே பாட்டில் அரங்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். அதே பிரிவில் அதே படத்தின் கேத்தரின் ஜீட்டா ஜோன்ஸ் வென்றார், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ‘லைஃப் சப்போர்ட்’ படத்துக்கு கோல்டன் குளோப் வாங்கினார். ‘ஹேர்ஸ்ப்ரே’, ‘கேர்ள்ஸ் ட்ரிப்’ எல்லாம் உங்களுக்கே தெரியும். ‘தி ஈக்வலைசர்’ 2021-இல் தொடங்கி ஐந்து சீசன் ஓடியது, அதிலும் அவர் நிர்வாகத் தயாரிப்பாளர்.

‘பெஸ்ஸி’யைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். புளூஸ் பேரரசி பெஸ்ஸி ஸ்மித்தின் வாழ்க்கை. லத்தீஃபாவுக்கு இருபது சொச்சம் வயதிருக்கும்போதே இந்த வேடத்துக்கான பேச்சு தொடங்கிவிட்டது. படமாக வந்தது 2015-இல், டீ ரீஸ் இயக்கத்தில், எச்.பி.ஓ.வில். இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கதையைக் கைவிடாமல் வைத்திருந்தார், கடைசியில் நடிகையாக மட்டும் இல்லாமல் தயாரிப்பாளராகவும் நின்று முடித்தார். சிறந்த தொலைக்காட்சிப் படத்துக்கான எம்மி அவருக்கு வந்தது தயாரிப்பாளர் என்ற கணக்கில்தான். பெஸ்ஸி ஸ்மித்துக்கு நீங்கள் வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தது 1989-இல், அவர் செத்து 52 வருஷம் கழித்து. யாரும் யாரையும் இந்த அளவுக்குக் காக்க வைக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். லத்தீஃபாவை நீங்கள் கூப்பிடாமல் இல்லை. 2005-இல் கிராமி விழாவைத் தொகுத்து வழங்க அவரைத்தான் அழைத்தீர்கள். 2014-இல் மேக்லமோரும் ரையன் லூயிஸும் பாடும்போது அரங்கத்துக்குள்ளேயே 33 ஜோடிகளுக்குச் சட்டப்படி திருமணம் செய்துவைக்க ஆள் வேண்டியிருந்தது. ஆண்-பெண் ஜோடிகளும் ஒருபால் ஜோடிகளும் கலந்து நின்றார்கள். எங்கள் பக்கம் புரோகிதர் செய்கிற வேலையை அன்று லத்தீஃபா செய்தார். 2023-இல் ஹிப்-ஹாப் பொன்விழா என்று பெரிய கூட்டத்தை மேடையேற்றியபோதும் வந்து தன் பாட்டைப் பாடிவிட்டுப் போனார். உங்களுக்கு எப்போதெல்லாம் மேடையில் ஒரு கம்பீரம் தேவைப்பட்டதோ அப்போதெல்லாம் அவர் வந்திருக்கிறார். பந்தி முழுக்கப் பரிமாறியவருக்கு இலை போட மறந்த கல்யாண வீடு மாதிரி இருக்கிறது இது.

இது லத்தீஃபா ஒருவரின் கதையாக இருந்தால் நான் இத்தனை பக்கம் எழுத மாட்டேன். 1989-இல் நீங்கள் முதல்முறையாக ராப்புக்கு ஒரு விருது வைத்தீர்கள். ஐந்து பரிந்துரைகள். அதில் இரண்டு பெண்கள் குழு: சால்ட்-என்-பெப்பா, ஜே.ஜே. ஃபேட். ஐந்தில் இரண்டு! அந்த விருதைத் தொலைக்காட்சியில் காட்ட மாட்டோம் என்றீர்கள், பலர் விழாவைப் புறக்கணித்தார்கள், அது தனிக் கதை. ஆனால் ராப்பில் பெண்கள் ஆரம்பத்தில் இல்லை, பிற்பாடு வந்தார்கள் என்று யாராவது சொன்னால் உங்கள் முதல் பட்டியலையே எடுத்துக் காட்டலாம். பிறகு என்ன ஆயிற்று? பெண்களுக்குத் தனி ராப் விருது என்று ஒன்றை 2003-இல் தொடங்கி 2004-உடன் மூடிவிட்டீர்கள், இரண்டு முறையும் வென்றது மிஸ்ஸி எலியட். தனிப் பிரிவு வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன், பெண்களுக்குத் தனி வரிசை போடுவது பேருந்தோடு போகட்டும். சிறந்த ராப் ஆல்பம் பிரிவில் 1996-இல் இருந்து 2025 வரை முப்பது விருதுகள். பெண்கள் மூன்று பேர். ஃபியூஜீஸ் குழுவில் ஒருவராக லாரின் ஹில், பிறகு 2019-இல் கார்டி பி, 2025-இல் டோச்சி.

எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி உங்கள் மேடையில் நின்ற கதையும் இருக்கிறது. 2009 பிப்ரவரி 8. எம்.ஐ.ஏ., அதாவது ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம், நிறைமாத வயிற்றோடு வந்து பாடினார். மூன்று நாளில் குழந்தை பிறந்தது. சுற்றிலும் கோட்டு சூட்டில் ஜே-ஸீ, டி.ஐ., கான்யே வெஸ்ட், லில் வெய்ன். திரை கறுப்பு வெள்ளையில். அந்த ‘ஸ்வாகா லைக் அஸ்’ பாட்டின் பல்லவி அவருடைய குரல், அவருடைய ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டில் இருந்து வெட்டி எடுத்தது. பாட்டின் பெயரே அவர் பாடிய வரிதான். அந்த ஆண்டு அந்தப் பாட்டுக்கு ராப் குழு விருது கிடைத்தது. விருதில் நான்கு பெயர்கள், நான்கும் ஆண்கள். வெட்டி எடுத்துச் சேர்த்த குரல் விதிப்படி கணக்கில் வராது என்பீர்கள். விதி எனக்குப் புரிகிறது. நிறைமாதக்காரி மேடையில் நின்று அதே வரியை நேரில் பாடிக்கொண்டிருந்தபோதும் அது கணக்கில் வரவில்லை என்பதுதான் இங்கே பலருக்கும் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

லத்தீஃபா இருபது வயதில் புரிந்துகொண்டது இதைத்தான். குரல் மட்டும் போதாது, பெயர் எந்தத் தாளில் எங்கே எழுதப்படுகிறது என்பதும் நம் கையில் இருக்க வேண்டும். அதனால்தான் அவர் கம்பெனி வைத்தார். அதனால்தான் ‘பெஸ்ஸி’யில் தயாரிப்பாளர், ‘ஈக்வலைசர்’-இல் தயாரிப்பாளர். பணத்தாசை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், பெர்ரி கோர்டியை யாரும் அப்படிச் சொல்லக் கேட்டதில்லை.

ஒரு ஆட்சேபம் நியாயமானது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய கடைசி ராப் ஆல்பம் 2009-இல் வந்தது, அதுவும் அவருடைய நல்ல ஆல்பங்களில் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். இடையே ஜாஸ், பழைய பாடல்கள் என்று போனார். உங்களிடம் அதற்கும் பரிந்துரைகள் வாங்கினார், அந்தக் குரல் எனக்குப் பிடிக்கும், ஆனால் ‘லேடீஸ் ஃபர்ஸ்ட்’ பாடிய பெண்ணை அதில் தேடினால் கிடைக்க மாட்டாள். முழுநேர ராப்பராகவே இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நானும் ஏங்கியிருக்கிறேன். அதனால்தான் வாழ்நாள் சாதனையாளர் விருதைக் கேட்காமல் டிரஸ்டீஸ் விருதைக் கேட்கிறேன். அவர் எத்தனை ஆல்பம் போட்டார் என்று எண்ணுகிற விருது அது இல்லையே.

கொடுப்பதாக இருந்தால் சில வேண்டுகோள்கள். விருதை லத்தீஃபாவுக்கும் ஷகிம் கம்பேருக்கும் சேர்த்துக் கொடுங்கள், அந்த அலுவலகம் இரண்டு பேருடையது. விருதுக் குறிப்பில் ஃப்ளேவர் யூனிட் என்ற பெயரும், நாட்டி பை நேச்சரின் பெயரும், 2023-இல் காலமான மார்க் தி 45 கிங்கின் பெயரும் வரட்டும். சிறப்பு விருதுகளை முந்தின நாள் தனி நிகழ்ச்சியில் வைத்துக் கொடுத்துவிடுவது உங்கள் வழக்கம் என்று தெரியும். இதை முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை மேடையில், கேமரா ஓடும்போது கொடுங்கள். 1989-இல் காட்டாமல் விட்ட சில நிமிடங்கள் உங்களிடம் இன்னும் பாக்கி இருக்கின்றன. அன்றைக்கு மட்டும் தயவுசெய்து அவரைத் தொகுத்து வழங்கச் சொல்லாதீர்கள், யாருக்கும் தாலி எடுத்துக் கொடுக்கவும் சொல்லாதீர்கள். நாற்காலியில் உட்கார வையுங்கள். திங்கள் காலை நான் ஆபீசுக்கு லேட்டாகப் போய்க்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னையில் இருந்து ஒரு ராப் ரசிகர்